ஐந்து நாள் வித்தியாசம்

இத்தா இருப்பது ஸல்ஹாவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

அவளுடைய கணவன் அபூதாஹிர் ஜூலை ஏழாம் திகதி இறந்தான். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் கடலில் ஆட்களை ஏற்றி ஓடும் லோஞ்சின் சாரதி. காலை லோஞ்சை மூதூரில் கட்டிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போகாமல் பலகையில் சாய்ந்து இருந்தான். பிறகு எழும்பவில்லை. நாற்பத்து நான்கு வயது. பிள்ளைகள் இல்லை.

கணவன் இறந்தால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது. நிறச் சேலை, நகை, அத்தர் கூடாது. பிற ஆண்கள் பார்க்கக் கூடாது. மற்றப் பெண்கள் ஒரு மாதம் போனதும் வாசலை எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். ஸல்ஹா யன்னலைக்கூடத் திறக்கவில்லை. அறையில் ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு கதிரை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொழுகை நேரத்துக்கு எழும்பினாள். பிறகு படுத்தாள்.

பார்க்க வந்த பெண்கள் தாழ்ந்த குரலில் புகழ்ந்தார்கள்.

“இத்தா எண்டா இதுதான் இத்தா” என்றாள் பக்கத்து வளவு ஆமினா உம்மா. கூட வந்திருந்த மருமகளைப் பார்த்தாள். “கண்ணால பார். நீ எண்டா மூணாம் மாசம் படத்துக்குப் போயிருப்பாய்.”

“என்ன படம் ஓடுது எண்டு பாத்துத்தான் மாமி போவன்” என்றாள் மருமகள்.

ஸல்ஹா கேட்டுக்கொண்டு கிடந்தாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

அவள் அபூதாஹிருக்காகப் படுத்திருக்கவில்லை. அவன் இறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன்பே அது வந்துவிட்டது. அதற்கு அவளிடம் பெயர் இல்லை. முதலில் இருபத்தாறு வயதில் வந்தது. பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. காரணம் தேவையில்லை. காலையில் கண் விழிக்கும்போது உடம்பு நனைந்த சாக்குப் போல இருக்கும். பல் தீட்டுவது ஒரு முழு நாள் வேலையாகத் தெரியும். யாராவது பேசினால் சொற்கள் தூரத்தில் இருந்து நடந்து வரும். அழுகை வராது. அழுதால் கொஞ்சம் இறங்கும் என்று நினைப்பாள். இந்த முறை கணவன் இறந்தும் வரவில்லை.

ஊருக்கு அது தலையிடி. அபூதாஹிர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். “என்ட பெண்சாதிக்குத் தலையிடி.” பதினாறு வருடம் சொன்னான். இரண்டு முறை தலையிடி கிழமைக்கணக்கில் நீண்டது. டிஸ்பென்சரிக்குப் போய் மெடிக்கல் சான்றிதழ் எடுத்துப் பாடசாலைக்குக் கொண்டு போய்க் கொடுத்தவனும் அவன்தான்.

இப்போது மெடிக்கல் தேவைப்படவில்லை. இத்தா என்றால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. இருட்டறை, மூடிய யன்னல், வெள்ளைச் சேலை, பேச்சில்லாத நாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் சட்டமாகவே கிடைத்திருந்தது.

நவம்பர் பத்தாம் திகதி பின்னேரம் கமலாதேவி வந்தாள். நகரத்துப் பெண்கள் பாடசாலையில் ஸல்ஹாவோடு படிப்பிப்பவள். ஸல்ஹாவின் ஐந்தாம் வகுப்பையும் இப்போது அவள்தான் பார்க்கிறாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“உங்கட வகுப்பை எப்ப எடுப்பீங்கள் டீச்சர்? எனக்குத் தொண்டை போயிட்டுது. நாப்பத்தியொரு பிள்ளையள். என்ர ஆறாம் வகுப்பு மற்றப் பக்கம். நடுவில நிண்டு ரெண்டு பக்கமும் கத்திறன்.”

“பாவம்.”

“பாவம் எண்டு சொன்னால் காணாது. போன கிழமை எங்கட அதிபர் அம்மான்ர படம் கீறி மீசை வைச்சிட்டுதுகள். ஆர் கீறினது எண்டு கேட்டால் நாப்பத்தியொண்டும் எழும்பி நிக்குது. நல்ல ஒற்றுமை. நீங்கள் படிப்பிச்சதாக்கும்.”

ஸல்ஹா சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. உதட்டை அசைத்தாள்.

கமலாதேவி அதைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். கைப்பையில் இருந்து பாடசாலைக் கடிதம் ஒன்றை எடுத்தாள்.

“அதிபர் தந்தவ. லீவு பதினாறாம் திகதியோட முடியுது. பதினேழு, புதன்கிழமை காலமை நீங்கள் வந்து கையெழுத்து வைக்கோணும்.”

“ஓம்.”

“டீச்சர், நான் சொல்லிறன் எண்டு கோவிக்கக் கூடாது. முந்தி ரெண்டு தரம் நீங்கள் வராமல் விட்டனீங்கள் எல்லோ. அது ரெண்டும் பைலில இருக்காம். இனி மெடிக்கல் எடுக்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. பதினேழு வராட்டி வேலையை விட்டிட்டா எண்டு கல்விக் கந்தோருக்கு எழுதிறதைத் தவிர தனக்கு வேற வழியில்லையாம். அவ கெட்ட மனுசி இல்லை. ஆனால் எழுதுவா.”

“ஓம். எழுதுவா.”

“வருவீங்கள்தானே?”

“வருவன்” என்றாள் ஸல்ஹா.

கமலாதேவி போனபின் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தாள். வேலை போனால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். கந்தளாயில் இருந்து அவளுடைய காக்கா, மூத்த சகோதரர் அப்துல் மஜீத் வருவார். ஏற்கனவே இரண்டு முறை கேட்டுவிட்டார். “வீட்டைப் பூட்டிப்போட்டு வா புள்ள. பின்னறை சும்மாதான் கிடக்குது. உன்னை ஆரும் ஒரு வேலையும் சொல்ல மாட்டாங்க.” அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பின்னறை அவளுக்குத் தெரியும். வயலைப் பார்த்த ஒரு சின்ன யன்னல். அங்கே படுத்தால் ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். சோறு உள்ளே வரும். கோப்பை வெளியே போகும். அப்படியே முடிந்துவிடும்.

பாடசாலை அவளுக்கு விருப்பமான இடம் என்று சொல்ல முடியாது. இந்த நாட்களில் எதுவுமே விருப்பமாக இல்லை. ஆனால் ஒரு நாளில் அவள் நிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அது. பிள்ளைகள் முன்னால் விழ முடியாது. அதனால் விழுவதில்லை.

பதினேழுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. ஏழு நாள் படுக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை உம்மு குல்சும் வந்தாள். அபூதாஹிரின் ராத்தா, மூத்த சகோதரி. பின் ஒழுங்கையில் இருப்பவள். கருவாட்டுக் கடைக்காரரின் மனைவி. நாலு மாதமும் தினம் இரண்டு நேரம் கஞ்சியும் சோறும் கொண்டு வந்தவள் அவள்தான். அன்று கையில் சோறு இல்லை. ஒரு கடுதாசிப் பொட்டலம் இருந்தது. நேரே குசினிக்குப் போனாள். அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. பிறகு அறைக்குள் வந்து யன்னலைத் திறந்தாள். வெளிச்சம் ஸல்ஹாவின் முகத்தில் விழுந்தது.

“எழும்பு புள்ள. தண்ணி சூடாகுது. தலையில ஊத்திக்கொண்டு வா.”

“என்ன மதினி?”

“என்னவா? இண்டையோட இத்தா முடியுது.”

ஸல்ஹா எழுந்து உட்கார்ந்தாள். “பதினேழாம் திகதி எண்டுதானே கடிதம் வந்திருக்கு.”

“எந்தக் கடிதம்?”

“பள்ளிக்கூடத்துக் கடிதம். நாலு மாசமும் பத்து நாளும் பதினேழோடதான் சரி வருது.”

“அது இங்கிலீசு மாசம். லீவு கந்தோர் குடுத்தது. இத்தா அல்லாஹ் குடுத்தது. அல்லாஹ்ட கணக்கும் கந்தோர்க் கணக்கும் ஒண்டா?” உம்மு குல்சும் விரல் மடக்கினாள். “றஜபு ஒம்பதில மௌத்து. துல்கஃதா ஒம்பதோட நாலு மாசம். அதுக்கு மேல பத்து. இண்டைக்குப் பத்தொம்பது. ஒவ்வொரு பிறையும் நான் வாசல்ல நிண்டு கண்ணால கண்டனான். நீ படிப்பிக்கிறவள், உனக்கு இது தெரியாதா?”

ஸல்ஹாவுக்குத் தெரியும். அவளும் எண்ணியிருந்தாள். இரண்டு கணக்குக்கும் இடையில் ஐந்து நாள் வித்தியாசம் இருப்பதை நோன்பு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

“நான் அந்த அஞ்சு நாளையும் இருந்திட்டுப் போறன் மதினி.”

உம்மு குல்சும் கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“என்ட தம்பி குடுத்து வெச்சவன்” என்றாள். “உலகத்தில ஆர் இத்தாவக் கூட்டி இருக்கிற? நாள் எப்ப முடியும் எண்டுதான் எல்லாரும் பாக்கிற. நானும் எங்கட வாப்பா மௌத்தான நேரம் உம்மாவப் பாத்தனான். அவவே இப்பிடி இருக்கல்ல.” ஸல்ஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா கூடாது புள்ள. இதைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. ஓதின ஆக்கள் அப்பிடித்தான் சொல்ற. எழும்பு. அவனுக்காக நீ இருந்தது போதும்.”

பொட்டலத்தைப் பிரித்தாள். இளநீலச் சேலை. மடிப்பில் கடை வாசனை இருந்தது.

ஸல்ஹா சேலையைப் பார்த்தாள். அதைப் பிரித்த கைதான் நாலு மாதம் அவளுக்கு ஊட்டியது. அந்தக் கைக்கு ஒரு பொய்யைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பொய்யை வைத்துக்கொண்டே இருப்பதற்கும் பலம் வேண்டும். அது அவளிடம் இல்லை.

“மதினி, நான் அவருக்காக இருக்கல்ல.”

“என்ன?”

“அவருக்காகப் படுத்துக் கிடக்கல்ல. அவர் மௌத்தாக முந்தியே இது வந்திட்டு. எனக்கு வாறது. தலையிடி இல்ல. தலையிடி எண்டது அவர் சொன்ன பொய். எழும்ப ஏலாமப் போயிரும். காரணமில்ல. பசிக்காது. ஒண்டிலும் மனம் வராது. அவர் இருக்கக்குள்ளயும் இப்பிடித்தான். இத்தா எண்டதால ஒருத்தருக்கும் தெரியல்ல.”

உம்மு குல்சும் கையை எடுத்துக்கொண்டாள்.

“அவன் இருக்கக்குள்ளயுமா?”

“ஓம்.”

“அப்ப அவன் என்ன செஞ்ச?”

“ஒண்டும் கேக்க மாட்டார். வாளியில தண்ணி நிரப்பி வெப்பார். ஒரு சேலைய எடுத்துக் கதிரையில போடுவார். லோஞ்சுக்குப் போயிருவார். நான் ஒழுங்கையால வெளிக்கிட்டு வீதிக்கு ஏறிறது ஜெற்றியில இருந்து தெரியும். நான் ஏறினாப் பிறகுதான் லோஞ்சை எடுப்பார்.”

“நீ ஏறாட்டி?”

“இஞ்சினைத் திறந்து வெச்சுக்கொண்டு இருப்பார். ஸ்டார்ட் வருதில்ல எண்டு சொல்லுவார். பத்து நிமிசம், கால் மணித்தியாலம். எனக்கே பிறகுதான் தெரியும்.”

வெளியே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. உம்மு குல்சும் எழும்பவில்லை.

“சனம் அவனைப் பேசாத பேச்சில்ல” என்றாள் மெதுவாக. “சோம்பேறி எண்டாங்க. குடிக்கிறானாக்கும் எண்டாங்க. எங்கட மாமிக்கு வருத்தம் கூடி, நான் மூதூருக்குப் போக நிண்ட அண்டைக்கும் லோஞ்சு இருவது நிமிசம் பிந்திப் போனது. அங்க போய் இறங்கக்குள்ள மனுசி மௌத்து. நடு ஜெற்றியில வெச்சு நான் அவனைப் பேசினனான். உன்ட சோம்பலால எண்டு பேசினனான். அவன் தலையக் குனிஞ்சு கொண்டு நிண்டான். ஒண்டும் சொல்லல்ல.”

ஸல்ஹாவுக்கு அது தெரியாது. அவன் சொல்லவில்லை.

“அது உனக்காகவா நிண்டவன்?”

“எனக்குத் தெரியாது மதினி. இருக்கலாம்.”

“ஒரு வருசம் அவனோட கதைக்கல்ல நான்.”

உம்மு குல்சும் எழுந்தாள். சேலையை மடித்தாள். பொட்டலத்துக்குள் வைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப இந்த நாலு மாசமும் அவனுக்காக அழுதது நான் மட்டும்தான்.”

உம்மு குல்சும் சேலையின் கரையை விரலால் நீவினாள்.

“சனம் சொல்லக்குள்ள எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது தெரியுமா? ஒவ்வொரு நாளும் அதைக் கேக்கத்தான் இங்க வந்தனான்.”

சேலையைக் கட்டிலில் போட்டாள். குசினிக்குப் போய் அடுப்பை அணைத்தாள். “தண்ணி ஆறிப் போகும்” என்று வாசலில் இருந்து சொன்னாள். போய்விட்டாள்.

ஸல்ஹா அந்தத் தண்ணீரில் குளித்தாள். அது ஆறியிருந்தது. நீலச் சேலையைக் கட்டவில்லை. பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

சனிக்கிழமை உம்மு குல்சும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

இத்தா முடிந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்தது. இப்போது கதவு திறந்திருக்க வேண்டும். பெண்கள் வெளியே கூப்பிட்டார்கள். ஆமினா உம்மா கலியாண வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஸல்ஹா காய்ச்சல் என்றாள். “மழைக் காய்ச்சல். கொத்தமல்லி அவிச்சுக் குடி” என்றாள் ஆமினா உம்மா. போகும்போது திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் புகழ்ச்சி இல்லை. முன்பு தவமாக இருந்தது இப்போது வெறும் படுக்கையாகத் தெரிந்தது. ஒரே கட்டில். ஒரே சுவர்.

திங்கட்கிழமை அவள் பாண் வாங்க ஒழுங்கை முனை வரை போனாள். அறுபது யார் தூரம் இருக்கும். முனையில் துறைமுகம் தெரிந்தது. மழையில் தண்ணீரும் வானமும் ஒரே நிறம். ஒரு கப்பல் பல நாளாக வெளியில் கட்டியிருந்தது. லோஞ்சு ஜெற்றியில் நின்றது. வேறு ஒருவன் ஓட்டினான். நேரத்துக்கு எடுத்தான். அவள் பாண் வாங்காமல் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை தன்னோடு பேரம் பேசினாள். நாளைக்கு ஒரு நாள் மட்டும். கையெழுத்து வைத்தால் போதும். வைத்துவிட்டு வாந்தி என்று சொல்லித் திரும்பி வரலாம். திரும்பி வரலாம் என்று நினைத்தபோது கொஞ்சம் இலகுவாக இருந்தது. அலுமாரியைத் திறந்தாள். சேலை எடுக்க நினைத்தாள். எந்தச் சேலை என்று முடிவு செய்ய முடியவில்லை. அலுமாரியை மூடினாள். அதற்கே களைத்துவிட்டது.

புதன்கிழமை சுபஹுத் தொழுகைக்கு எழும்பினாள். தொழுதாள். பாயிலேயே இருந்தாள். ஆறு மணி. வாளியில் தண்ணீர் இல்லை. கிணற்றடிக்குப் போக வேண்டும். போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இருந்தாள். ஆறரை. எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏழு மணி. பாடசாலையில் எட்டு மணிக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறுவார். பாடசாலை இருபது நிமிட நடை. எல்லாக் கணக்கும் தெரிந்திருந்தது. கணக்கு எழுப்புவதில்லை.

ஏழு பத்துக்கு வாசலில் யாரோ குடையைத் தட்டினார்கள்.

“ஸல்ஹா.”

உம்மு குல்சும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றாள். கையில் மீன் வாங்கும் ஓலை உமல்.

“நான் மீன் வாங்கப் போறன். அந்தப் பக்கம்தான் போறன். நீ வாறண்டா வா.”

“நான் இன்னும் வெளிக்கிடல்ல.”

“அது தெரியுது.” சிறிது நேரம் நின்றாள். “எனக்குக் கோவம் போகல்ல. அதை முதல்ல விளங்கிக்கொள்.”

“ஓம் மதினி.”

“முகம் கழுவினயா?”

“தண்ணியில்ல.”

உம்மு குல்சும் உமலைக் கீழே வைத்தாள். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. ஒரு வாளி கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தாள். தண்ணீர் தளும்பி அவளுடைய காலில் கொட்டியது. ஏதோ முணுமுணுத்தாள். ஸல்ஹா முகம் கழுவினாள். கட்டிலில் வெள்ளிக்கிழமையில் இருந்து கிடந்த நீலச் சேலையைக் கட்டினாள். வேறு சேலை தேட வேண்டியிருக்கவில்லை, அதனால்.

“பின் கொசுவம் ஒரு முழம் கீழ தொங்குது” என்றாள் உம்மு குல்சும். “சரி, விடு. நட.”

ஒரு குடைக்குள் இருவரும் நடந்தார்கள். வீதியில் சைக்கிள்கள் போயின. நிலாவெளி பஸ் சேற்றை அடித்துக்கொண்டு போனது. பாதித் தூரம் வந்ததும் ஸல்ஹா நின்றாள். கால் நின்றுவிட்டது. வீதி முன்னால் நீண்டு கிடந்தது.

“என்ன?”

“நடக்க ஏலாது மதினி.”

“வயித்துக்குள்ள ஒண்டும் இல்ல, அதுதான்.”

“அது இல்ல.”

உம்மு குல்சும் அவளைப் பார்த்தாள். அருகில் ஒரு மதகு இருந்தது. கையால் கட்டைத் துடைத்தாள். “இரு.”

ஸல்ஹா இருந்தாள். உம்மு குல்சும் பக்கத்தில் இருந்தாள். கீழே மழைத் தண்ணீர் துறைமுகத்தை நோக்கி ஓடியது.

“அவன் எண்டா இப்ப என்ன செய்வான்?”

“ஒண்டும் செய்ய மாட்டார். இருப்பார்.”

“அது எனக்கும் ஏலும்” என்றாள் உம்மு குல்சும். சிறிது நேரம் பொறுத்து, “கதைக்காம இருக்கத்தான் ஏலாது” என்றாள்.

“கதைங்க.”

“கதைக்கிறதுக்கு என்ன இருக்கு? அந்த இஞ்சினை முதலாளி ரெண்டு தரம் கழட்டிப் பாத்தவர். தெரியுமா? கொழும்பில இருந்து ஒரு மெக்கானிக் பாஸைக் கூட்டி வந்து கழட்டினவர். பாஸ் பாத்திட்டு, முதலாளி இது புது இஞ்சின் மாதிரி இருக்கு, ஓட்டுறவனை மாத்துங்க எண்டானாம்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறாக மாறியது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பொய் சொல்லத் தெரியாதவன். சின்னதில ஒரு மாங்காய் களவெடுத்தாலும் அவனே வந்து சொல்லுவான். அவன் பதினாறு வருசம் ஒரே பொய்யச் சொல்லியிருக்கான்.”

“என்னால.”

“உன்னாலதான். இல்லையெண்டு சொல்லவா?” உம்மு குல்சும் குடையை மற்றக் கைக்கு மாற்றினாள். “ஆனா அவனை ஆரும் கட்டி வெச்சுச் சொல்லச் சொல்லல்லயே. அவன்ட விருப்பம்.”

ஸல்ஹா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் எட்டு மணிச் சங்கு ஊதியது. நீளமாக ஊதி நின்றது.

“முடிஞ்சுது” என்றாள் ஸல்ஹா. “கோடு கீறியிருப்பாங்க.”

“என்ன கோடு?”

“எட்டு மணிக்குக் கையெழுத்துப் புத்தகத்தில சிவப்புக் கோடு கீறுவாங்க. அதுக்குப் பிறகு வாறவங்க பிந்தி வந்தவங்க.”

“கோட்டுக்குக் கீழ கடதாசி இல்லயா?”

“இருக்கு.”

“அப்ப அதில வெய்.”

“பிந்தி வந்தா எண்டு எழுதுவாங்க மதினி.”

“வந்தா எண்டுதானே எழுதுவாங்க.” உம்மு குல்சும் எழும்பவில்லை. “நான் உன்னை இழுக்க மாட்டன். எனக்கு முழங்கால் ஏலாது. நீ எழும்பக்குள்ள எழும்பு. மீன் எப்பிடியும் இந்த மழையில வராது.”

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடமாகவும் இருக்கலாம். ஒன்றும் மாறவில்லை. பாரம் அப்படியே இருந்தது. மனம் இலகுவாகும் என்று ஸல்ஹா காத்திருந்தாள். அது ஆகவில்லை. ஆகாது என்று தெரிந்தபின் எழுந்து நின்றாள். பாரத்தோடு நிற்க முடிந்தது. ஒரு காலை வைத்தாள். மற்றக் காலை வைத்தாள். உம்மு குல்சும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்னால் குடையைப் பிடித்தபடி வந்தாள்.

பாடசாலை வாசலில் உம்மு குல்சும் நின்றாள்.

“நாளைக்கு நான் வர மாட்டன்” என்றாள். “கோவம் இன்னும் இருக்கு.”

“ஓம்.”

“வந்தாலும் வருவன். தெரியாது.”

உமலை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.

அதிபரின் அறையில் புத்தகம் மேசையில் திறந்திருந்தது. சிவப்புக் கோட்டில் மை காய்ந்திருந்தது. கோட்டுக்கு மேலே கமலாதேவியின் கையெழுத்து இருந்தது. கடைசிக் கையெழுத்து அதுதான். கீழே வெறுமை. அதிபர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஈரச் சேலையையும், தொங்கிய கொசுவத்தையும் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு இருபத்திரண்டு.

ஸல்ஹா கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். நேரத்தையும் எழுதினாள். கடைசி இரண்டை இன்னொரு தரம் எழுத வேண்டியிருந்தது.

அதிபர் மேசையில் இருந்த நீளக் கவர் ஒன்றை எடுத்தார். அதில் கந்தோர் விலாசம் எழுதியிருந்தது. ஒட்டவில்லை. மேசை லாச்சியைத் திறந்து அதை உள்ளே வைத்தார். கிழிக்கவில்லை.

“தலையிடி எப்பிடி?” என்று கேட்டார்.

“அது தலையிடி இல்ல மிஸிஸ்.”

அதிபர் புத்தகத்தை மூடினார். “நாளைக்கு நேரத்துக்கு வருவீங்களா?”

எப்போதும் சொல்லும் பதில் நாக்கில் இருந்தது. வருவன். அதைச் சொன்னால் எல்லோரும் திருப்திப்படுவார்கள்.

“தெரியாது” என்றாள் ஸல்ஹா. “பாக்கிறன்.”

அதிபர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“சரி. வகுப்புக்குப் போங்க. கமலாதேவிக்குத் தொண்டை போயிட்டு.”

வராந்தாவின் கடைசியில் ஐந்தாம் வகுப்பு. அங்கிருந்து பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அதற்குள் நாற்பத்தொரு முகங்கள். நடுவில் நான்கு வகுப்புகளைத் தாண்ட வேண்டும். ஸல்ஹா முதல் வகுப்பைத் தாண்டினாள். தூண் ஒன்றில் கையை வைத்து நின்றாள். மூச்சு எடுத்தாள். இரண்டாவதைத் தாண்டப் போனாள்.